பார்க்காத எண்ணை எழுதாதே

2010இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் வளாகத்தில் ஷிப்ட் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐடிஐ முடித்த கையோடு வந்தவன். வளாகத்துக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பேனல் அறையில் மணிக்கு ஒரு முறை வோல்டேஜ், ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்றாவது வாரமே இரவு ஷிப்டில் தூங்கிவிட்டேன். நான்கு மணிக்கு விழித்து, விட்டுப்போன இரண்டு கட்டங்களையும் மேலே இருந்த எண்களைப் பார்த்து ஒப்பேற்றி நிரப்பினேன்.

காலையில் சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டரை மணியிலிருந்து மூன்றேகால் வரை மின்வாரிய மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் தானாக ஓடியிருந்தது. மூன்று மணிக் கட்டத்தில் நான் மின்வாரிய வோல்டேஜ் 412 என்று எழுதியிருந்தேன். அவர் கத்தவில்லை. "தம்பி, பார்க்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடு. காலிக் கட்டத்தைப் பார்த்தால், அந்த நேரத்தில் இங்கே ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். பொய் எண்ணைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவேன்" என்றார்.

அன்று முதல் பதினைந்து ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். எலெக்ட்ரீஷியன், டெக்னிக்கல் சூப்பர்வைசர், எஸ்டேட் மேனேஜர், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் நான்கைப் பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் பொறுப்பாளர். கட்டடப் பராமரிப்பு வேலை என்றால் வாட்ச்மேன்களை மேய்ப்பது என்று என் சொந்தக்காரர்களே நெடுநாள் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2014இல் பெரும்பாக்கம் பக்கத்தில் 180 வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு மாறினேன். மென்பொருள் வளாகத்துக்கு ஒரே உரிமையாளர். பழுது என்றால் பணம் வரும். இங்கே 180 உரிமையாளர்கள். ஒவ்வொருவரும் வீட்டுக் கடன் தவணை போக மீதியிலிருந்து பராமரிப்புத் தொகை கட்டுகிறார்கள். வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலைக்கு நடுவே இதைச் செய்பவர்கள். அடுத்த தேர்தலில் வேறு ஆட்கள் வருவார்கள். கட்டடத்தின் நினைவாக நிலைத்திருப்பது மேனேஜர் ஒருவர்தான். ஆகவே புதிதாக ஓரிடத்தில் பொறுப்பேற்றால் நான் முதலில் செய்வது காகிதங்களைத் தேடுவது. சங்கப் பதிவு, அதன் துணைவிதிகள், அனுமதி பெற்ற வரைபடம், தீயணைப்புத் துறைச் சான்று, லிப்ட் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, எது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று முதல் பக்கத்தில் எழுதி வைப்பேன். பெரும்பாலான சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. அடுக்குமாடி வீடுகளின் உரிமை பற்றிய 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. வக்கீல் அளவுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால், எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை நடப்பது. முதல் மூன்று மாதம் தினமும் அடித்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை நடந்தேன். எந்த வால்வு எந்தக் குழாயை மூடுகிறது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எண் போட்டு, படம் வரைந்து பம்ப் அறையில் ஒட்டினேன். கட்டிக் கொடுத்தவர்கள் தந்த வரைபடத்துக்கும் உண்மையில் ஓடிய குழாய்க்கும் பல இடங்களில் சம்பந்தமே இல்லை.

அதன் பிறகும் நடப்பதை விடவில்லை. அப்படி நடந்தபோதுதான், 2015 நவம்பரில், பேனல் அறைச் சுவரில் கேபிள் நுழையும் குழாயின் வாயைச் சுற்றி ஈரக்கறை தெரிந்தது. பதிவேட்டில் எழுதினேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். டிசம்பர் 1ஆம் தேதி மழை அடித்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவான மழை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய வேண்டும். அது வடியவில்லை என்றால் எங்கள் தெருவில் நீர் நிற்கும். கார்கள் இறங்கும் சரிவில் மணல் மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கிவிட்டு நின்றோம். சரிவில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வந்தது அந்தக் கேபிள் குழாய் வழியாக, நேராகப் பேனல் அறைக்குள்.

கணுக்கால் அளவு நீர் ஏறும்போதே மெயினை அணைத்துவிட்டேன். லிப்ட்டுகளை முன்பே இரண்டாம் மாடிக்கு ஏற்றி நிறுத்தியிருந்ததால் அவை தப்பின. ஆனால் நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. எட்டாவது மாடியில் தனியாக இருந்த வயதான தம்பதிக்கு நானும் இரண்டு செக்யூரிட்டி தம்பிகளும் படிக்கட்டில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அந்த ஈரக்கறைதான் என் கண்ணுக்குள் நின்றது. பார்த்ததை எழுதினேன், படிக்க வேண்டியவரின் கையில் அதைச் சேர்க்கவில்லை. அதன் பிறகு, பதிவேட்டில் எழுதும் எந்தக் குறையையும், சரிசெய்ய ஆகும் செலவு, செய்யாவிட்டால் என்ன ஆகும், யார் முடிவெடுக்க வேண்டும் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதமாக, புகைப்படத்தோடு சங்கத்துக்குக் கொடுப்பதை வழக்கமாக்கினேன். கேபிள் துளைகளை அடைத்து, பேனலை நான்கடி மேடையில் ஏற்றினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்கால் நீர் நின்றது. பேனல் அறை காய்ந்திருந்தது.

2017இல் என்னை எஸ்டேட் மேனேஜர் ஆக்கினார்கள். பதவி வந்த அதே ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கழிவுநீர் சேரும் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. தரைத்தள வீட்டுக் குளியலறைகளில் கழிவுநீர் மேலேறத் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் இரண்டு ஆட்களையும் ஒரு கயிற்றையும் கூட்டிக்கொண்டு வந்தார். சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், "அரை மணி நேர வேலை, இறங்கி எடுத்துவிடட்டும்" என்றார். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். அவர் சட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

நான் மூடியின் மேல் போய் நின்றுகொண்டேன். அந்தத் தொட்டிகளில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் முதலில் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவர் அடுத்து விழுவார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் கழிவுத் தொட்டியிலும் சாக்கடையிலும் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் அன்று சட்டம் பேசி எனக்குப் பழக்கமில்லை. "என் கையெழுத்தில் யாரும் இதில் இறங்க மாட்டார்கள் சார்" என்று மட்டும் சொன்னேன்.

மறுத்தால் மட்டும் போதாது, மாற்று வழி கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த வால்வுப் படம் உதவியது. மேல்நிலைத் தொட்டிகளின் வால்வுகளை அடைத்தோம். வீடுகளுக்குத் தண்ணீர் போகாவிட்டால் கழிவுநீரும் வராது. வீடு வீடாகப் போய்ச் சொல்லி, குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் வாளியில் தண்ணீர் கொடுத்தோம். காலையில் உறிஞ்சும் லாரி வந்து தொட்டியைக் காலி செய்தது. இரவெல்லாம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. அடுத்த மாதமே, மேலிருந்து சங்கிலியால் இழுத்து எடுக்கும்படி பம்ப்புக்கு வழிகாட்டிக் கம்பிகள் பொருத்தி, மாற்று பம்ப் ஒன்றும் வைத்தோம். இந்தத் தொழிலில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்.

2019 கோடையை மறக்கவே முடியாது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் அப்போது கிடையாது. போர்வெல் காற்றைத்தான் கக்கியது. முழுக்க டேங்கர் லாரிதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் 600 பேருக்கு 81,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஏழு நடை. எங்களுக்கோ பத்து நடை வந்தும் பற்றவில்லை. குடியிருப்பவர்கள் செக்யூரிட்டியைத் திட்டினார்கள், செக்யூரிட்டி பிளம்பரைத் திட்டினார், எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

தண்ணீர் எங்கே போகிறது என்று யாருமே அளக்கவில்லை. முதலில், லாரித் தண்ணீரை இறக்கும் தரையடித் தொட்டியான சம்ப்பை அளந்தேன். நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர். 12,000 லிட்டர் கொட்டினால் நீர் மட்டம் சரியாக 50 சென்டிமீட்டர் ஏற வேண்டும். உள்சுவரில் பெயின்ட்டால் அளவுகோல் வரைந்து, பம்ப்பை நிறுத்திவிட்டு லாரியை இறக்கச் சொன்னோம். 43 சென்டிமீட்டர்தான் ஏறியது. ஒரு லாரிக்கு ஏறக்குறைய 1,700 லிட்டர் குறைவு. லாரிக்காரரிடம் சண்டை போடவில்லை, அளவுகோலைக் காட்டினேன். ஏறும் சென்டிமீட்டருக்குத்தான் பணம் என்று அன்றே பேசி முடித்தோம்.

அடுத்தது கசிவு. எல்லாரும் தூங்கும் நேரத்தில், இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை, சம்ப் பம்ப்பை நிறுத்திவிட்டு மேல்நிலைத் தொட்டிகளின் மட்டத்தை அளந்தோம். மூன்று மணி நேரத்தில் 3,000 லிட்டர் இறங்கியிருந்தது. யாரும் பயன்படுத்தாமலே மணிக்கு 1,000 லிட்டர், ஒரு நாளைக்கு இரண்டு லாரித் தண்ணீர். தரையில் எங்கும் ஈரம் இல்லை. அப்படியென்றால் கழிப்பறை பிளஷ் தொட்டிகளில்தான் போக வேண்டும். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கினோம். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிளஷ் தொட்டியிலும் சில துளி விட்டார்கள். இருபது நிமிடம் கழித்துக் கழிப்பறைக் கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். நூற்றுக்கும் மேற்பட்ட தொட்டிகளில் நீலம் இறங்கியது. வாஷர்களை மொத்தமாக வாங்கி, எங்கள் பிளம்பரே இரண்டு வாரத்தில் மாற்றி முடித்தார்.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது கணக்கை வெளியே வைத்ததுதான். ஒவ்வொரு லாரியும் வந்த நேரம், வண்டி எண், இறக்குமுன் மட்டம், இறக்கியபின் மட்டம் ஆகியவற்றை லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் அன்றன்றே எழுதினோம். ஒரு வாரத்தில் சண்டை குறைந்தது. என்னைத் திட்டியவர்களே மாலையில் பலகை முன் நின்று கணக்குப் போட்டு, நாளைக்கு எத்தனை லாரி சொல்லலாம் என்று யோசனை சொன்னார்கள்.

டீசலிலும் அதே வழிதான். ஜெனரேட்டர் டீசலை மேனேஜர்கள் திருடுகிறார்கள் என்ற பேச்சு எந்தக் குடியிருப்பிலும் உண்டு. கோபப்பட்டுப் பயனில்லை. நிரப்பிய லிட்டர், ஓடிய மணி, உற்பத்தியான யூனிட் மூன்றையும் எழுதுங்கள். நல்ல சுமையில் ஓடும் நடுத்தர ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் தரும். கணிசமாகக் குறைந்தால் மிகக் குறைந்த சுமையில் ஓடுகிறது, இன்ஜினில் கோளாறு, இல்லையென்றால் டீசல் வேறெங்கோ போகிறது. எதுவானாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடத்தைக் காப்பவர்கள் அவர்கள்தான். எங்களுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்களை அனுப்பிய ஓர் ஏஜென்சி, மாதாமாதம் பில்லில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎப் (வருங்கால வைப்பு நிதி) தொகையைத் தவறாமல் சேர்த்து வாங்கியது. ஓர் அக்கா படிக்கட்டில் வழுக்கிக் கை முறிந்து ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போனபோதுதான் அவர் பெயரில் பல மாதங்களாகப் பணமே கட்டவில்லை என்று தெரிந்தது. முறிந்த கையோடு அவர் திரும்பி வந்து, "சார், நம் பெயர் அங்கே இல்லையாம்" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பில்லைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். பில்லில் எண்ணைப் பார்த்தேனே தவிர, ரசீதைப் பார்க்கவில்லை. அவருடைய சிகிச்சைச் செலவைச் சங்கம் ஏற்றது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. ஏஜென்சி கட்டாவிட்டால் வேலை வாங்கிய சங்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அன்றிலிருந்து, முந்தைய மாதத்தின் ஈஎஸ்ஐ, பிஎப் செலுத்திய சான்றும், அதில் ஒவ்வொருவரின் பெயரும் இருந்தால்தான் இந்த மாதப் பில்லுக்குப் பணம்.

2022இல் தனியாக நிறுவனம் தொடங்கினேன். நான் வேலை பார்த்த குடியிருப்பே முதல் ஒப்பந்தம் தந்தது. இரண்டாவது ஒப்பந்தத்தைப் பிடிக்கும் ஆசையில் குறைந்த விலை போட்டு, எட்டு மாதம் கையிலிருந்து பணம் போட்டேன். ஒரு வாயிலில் மூன்று ஷிப்ட் காவல் என்றால் மூன்று பேர் என்று கணக்கிட்டிருந்தேன். வாரத்துக்கு 21 ஷிப்ட். வார விடுமுறை போக ஒருவர் ஆறு ஷிப்ட்தான் பார்க்க முடியும். ஆகவே மூன்றரை ஆள் வேண்டும், விடுப்புக்கு இன்னும் கொஞ்சம். பதினைந்து ஆண்டு அனுபவத்தை நெருங்கும் ஆட்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். சறுக்கியதை ஈடுகட்ட, ஒருவரையே தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நிற்க வைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் காவலர் தூங்குவதைப் படம் எடுத்து அனுப்பும் குடியிருப்பவர்களிடம், அவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. விலையைத் திருத்திச் சங்கத்திடம் கணக்கைக் காட்டினேன். அவர்கள் ஏற்றார்கள். ஏற்காமல் விட்ட வேறொரு சங்கத்தை நான் விட்டுவிட்டேன்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது: மின்சாரம் படித்தவர் பிளம்பிங்கையும், பிளம்பிங் தெரிந்தவர் மின்சாரத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மேனேஜராக உயர்த்துவது இரண்டும் அல்ல, கணக்கு. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை நீங்களே எக்செல்லில் போட்டுச் செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக்கு மாதத் தொகை 7,500 ரூபாயையும் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி வரும் என்பது போன்றவற்றை ஆடிட்டர் சொல்வதற்கு முன் நீங்கள் சொன்னால், அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள். எனக்குப் போட்டார்கள். அதுவரை நான் சுவரோரம் நின்றுதான் பேசியிருந்தேன்.

சென்ற மாதம் எங்கள் நான்காவது குடியிருப்பில், செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் புதிதாக எலெக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்தான். வந்த இரண்டாம் வாரம் காலையில் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று மணிக் கட்டம் காலியாக இருந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில், "பார்க்கவில்லை, ஆறாவது மாடியில் லிப்ட்டில் சிக்கிய அம்மாவோடு இருந்தேன்" என்று எழுதியிருந்தான். நான் அவனைக் கூப்பிட்டு, அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பிறகு இருவரும் லிப்ட் இயந்திர அறைக்குப் படியேறினோம்.